குரா, கோங்கு மரங்கள் எங்கே இருக்கின்றன?

வணக்கம். சித்திரையில் எங்கள் ஊர் ஆலமரத்தடியில் கவிதை மாலை நடத்துகிறோம். மேடை இல்லை, பாய் விரித்து உட்கார்ந்து வாசிப்பதுதான். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையாரின் இளவேனிற் பத்தை (341–350) எடுத்திருக்கிறோம். பத்தும் 'அவரோ வாரார் தான்வந் தன்றே' என்றே தொடங்கும். அவர் வரவில்லை, இளவேனில் வந்துவிட்டது. வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் நிறைந்த எங்கள் தெருவுக்கு இந்த வரியை விளக்கவே வேண்டாம்.

பாட்டில் வரும் பூவையும் தளிரையும் பிள்ளைகள் கையில் கொடுத்து வாசிக்க வைக்க ஆசை. வேம்பு, புங்கு, மாந்தளிர் ஊரிலேயே உண்டு. உதிர்ந்த புங்கம்பூவைப் பாருங்கள், புலவர் சொன்ன மாதிரியே பொரிதான்! நுணவம் என்பது நம்ம நுணா, வரப்போரம் மணக்கிறது.

குராவும் கோங்கும்தான் கிடைக்கவில்லை. திருவிடைக்கழி முருகன் கோயிலில் குரா தலமரம். எங்களுக்கு அது ரொம்பத் தொலைவு. மதுரை, திண்டுக்கல் பக்கம் இந்த மரங்களைப் பார்த்தவர்கள் இடம் சொல்லுங்கள். பூக்கிற சமயத்தில் எடுத்த படம் இருந்தாலும் போதும்.

அப்புறம் இன்னொன்று. நடவுப் பாட்டு பாடும் அப்பத்தாக்கள் மைக்கைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் பாடாமல் இந்த மாலை நிறைவாகாது. உங்கள் ஊரில் எப்படிப் பாட வைத்தீர்கள்?