பின் கதவு மட்டும் பூட்டவில்லை, ஆக்சுவேட்டரை (பூட்டை இயக்கும் மோட்டாரை) வீட்டிலேயே மாற்றலாமா?

முதுநகர்க்காரன்:
வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். 2012 ஹேட்ச்பேக், சென்ட்ரல் லாக் பிற்பாடு வெளியே போட்டது. ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவும் டக்கென்று பூட்டிக்கொள்கிறது, இடப்பக்கப் பின் கதவு மட்டும் அசைவதில்லை, கையால் அமுக்கினால்தான் பூட்டு விழுகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வண்டி தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றது, அதிலிருந்தே அந்த மோட்டார் முனகிக்கொண்டு இருந்தது, இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நாலு கதவுக்கும் செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். பின் சீட்டில் குழந்தை உட்காருகிறது, தள்ளிப்போட மனமில்லை. வீட்டில் ஐந்து வயர் மோட்டார் ஒன்று புதிதாகவே கிடக்கிறது, அது ஆகுமா?

வில்லியனூர் வாசி:
தம்பி, செட்டெல்லாம் வேண்டாம். மற்ற மூன்றும் ஓடுவதால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. முதலில் கீல் பக்கம் கதவுக்கும் பில்லருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள், கதவு மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேல்தோல் மட்டும் முழுசாகத் தெரியும். அதில் ஒன்றும் இல்லையென்றால் கதவின் உள்பக்க அட்டையான டிரிம்மைக் கழற்றுங்கள். கைப்பிடி ஸ்க்ரூ சின்ன மூடிக்குள் இருக்கும். கண்ணாடி ஏற்றுவது கையால் சுற்றுகிற வகை என்றால் அந்தச் சுற்றும் கைப்பிடியின் பின்னால் துணியை நுழைத்து இப்படியும் அப்படியும் இழுங்கள், கிளிப் தெறித்து வரும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அப்புறம் மோட்டார் கனெக்டரைப் பிரித்து, வண்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு வயருக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு வைத்து ரிமோட்டை அழுத்துங்கள். கரண்ட் ஒரு நொடிக்குள் வந்து போய்விடும், டிஜிட்டல் மீட்டர் அதைத் தவற விடலாம், அதனால்தான் பல்பு. மின்னினால் வயர் சரி, மோட்டார்தான் போயிற்று.

ஐந்து வயர் டிரைவர் கதவுக்கானது, மற்ற கதவுகளுக்குத் தகவல் சொல்லும் சுவிட்ச் அதற்குள் இருக்கிறது. பின் கதவில் மோட்டாரின் இரண்டு வயரே போதும். எந்த ஜோடியை பேட்டரியில் தொட்டால் தண்டு நகர்கிறதோ அதுதான் அந்த இரண்டு, ஒரு நொடிக்கு மேல் தொட்டு வைக்காதீர்கள். மிச்சம் மூன்றையும் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள்.

அரியாங்குப்பம்:
டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் எடுங்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் டிரிம்முக்கும் வண்டிக்குள்ளும் வராமல் அதுதான் தடுக்கிறது. ஷீட் போனால் டிரிம் ஊறிப்போகும். மோட்டாரையும் பூட்டுக் கம்பியையும் சேர்க்கும் ராடு இணைப்பு ஸ்க்ரூவை எடுத்த எடுப்பில் இறுக்க வேண்டாம். கதவின் பூட்டுக் குமிழைக் கீழே அமுக்கி, மோட்டார் தண்டையும் பூட்டும் பக்கக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் பாதி தூரம்தான் நகரும்.

முதுநகர்க்காரன்:
முடித்துவிட்டேன், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பல்பு மின்னியது, பழைய மோட்டாரைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. புதியதை மாட்டியதும் மற்றவை பூட்டும்போது இது திறந்தது, இரண்டு வயரையும் மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, கதவின் அடி ஓட்டைகள் புயல் சேற்றில் அடைத்திருந்தன, தண்ணீர் இத்தனை நாளாக உள்ளேயே தேங்கியிருக்கிறது. கம்பியால் குத்தி எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன், முதலில் சேறாக வந்தது, அப்புறம் தெளிவாக ஓடியது.