ரூமில் கேட்ட கிட்டார் டோன் ரெக்கார்டிங்கில் ஏன் செத்துப்போகிறது?

ராயபுரம்_ரிஃப்:
எங்கள் பேண்டின் இரண்டு பாட்டுகளைச் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்ட் செய்தோம். எந்த ஸ்டுடியோ என்பது வேண்டாம். டெலிகாஸ்டர் கிட்டார், சின்ன ட்யூப் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ரூமில் லோ ஈ என்ற தடித்த கம்பியைத் தட்டினால் அதிர்வு முழங்காலில் தெரியும். மிக்ஸ் கைக்கு வந்ததும் கேட்டால், மூக்கடைத்தவன் பேசுவதுபோல் இருக்கிறது கிட்டார். சதையே இல்லை.

அங்கிருந்த இன்ஜினியர் இரண்டு மைக் வைத்தார். ஒன்று ஸ்பீக்கர் துணியை ஒட்டி, இன்னொன்று அதற்குச் சுமார் ஓர் அடி பின்னால். அப்புறம் "100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன், அப்போதுதான் மிக்ஸில் உட்காரும்" என்றார். நோட்டு முடியும் இடத்தில் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் கருவி) போட்டதால் ஒவ்வொரு நோட்டின் வாலும் அறுந்து நிற்கிறது.

என் கட்சி இதுதான்: வாசிப்பவன் உருவாக்கிய சத்தத்தை அப்படியே பிடித்துக் கொடுப்பதுதான் ஸ்டுடியோவின் வேலை. அதை மாற்ற அவர்களுக்கு உரிமை இல்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஃபேடர்44:
தம்பி, கோபம் நியாயமானது. ஆனால் "அப்படியே பிடிப்பது" என்று ஒன்று கிடையாது. நீங்கள் ரூமில் கேட்டது எது என்று முதலில் பார்ப்போம்.

ஆம்ப் தரையில் இருக்கிறது. உங்கள் காது ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரில் பேஸ் நாலாபக்கமும் பரவும், ட்ரெபிள் நேர்கோட்டில் குறுகலாகப் பாயும். அந்தக் கோடு உங்கள் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது. காதுக்கு மந்தமாகத் தெரிவதால் ட்ரெபிளைக் கூட்டுகிறீர்கள். மைக்கோ அந்தக் கோட்டுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஒருநாளும் கேட்காத கூர்மை அதற்குள் போகிறது. ஆம்பை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, சத்தத்தைக் குறைத்து, காதுக்கு நேராகத் திருப்பி வைத்துக் கேளுங்கள். ட்ரெபிளை நீங்களே குறைப்பீர்கள்.

இரண்டாவது, சத்தத்தின் அளவு. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை இன்னும் குறைவாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ரூமில் காது அதிரக் கேட்டதை வீட்டில் மெதுவாகக் கேட்டால், ரெக்கார்டிங் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மெலிந்துதான் தெரியும்.

மூன்றாவது, மைக்கும் அது நிற்கும் இடமும். 1965இல் வந்த ஷ்யூர் எஸ்எம் 57ஐத்தான் இன்றும் பாதிப் பேர் ஆம்ப் முன் வைக்கிறோம். 5,000 – 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் அது தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேராக வைத்தால் சத்தம் குத்தும். அங்கிருந்து ஓரத்துப் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினால் கூர்மை மழுங்கி நடுப்பகுதி தடிக்கும். இன்னும் ஓர் அங்குலம் போனால் வேறு ஆம்பா என்று கேட்பீர்கள். ஒட்டி வைத்தால் பேஸ் ஊதும், நாலு விரற்கடை பின்னால் இழுத்தால் அடங்கும். ஈக்யூ (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) குமிழைத் தொடுவதற்கு முன்னாலேயே இத்தனையும் நடந்துவிடும். மைக்கை எங்கே வைப்பது என்பதே ஒரு தீர்மானம்தான், யாராவது ஒருவர் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சைதை_ஸ்ட்ராட்:
அண்ணே, விளக்கம் சரி, முடிவு தப்பு. வாசிப்பவன் காது ஐந்தடி உயரத்தில்தான் இருக்கிறது என்றால் ஒரு மைக்கை அந்த உயரத்தில் வைக்க வேண்டியதுதானே? ஏன் வைப்பதில்லை? அங்கே வைத்தால் கேட்கச் சகிக்காது. ஏன் சகிக்காது? ரூம் சரியில்லை.

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் இருக்கும் சின்ன ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை டப்பிங்குக்கும் பாடகர் குரலுக்கும் கட்டியவை. சுவர் முழுக்க ஃபோம், தரை முழுக்கக் கார்பெட், தாழ்ந்த சீலிங். மெல்லிசான ஃபோம் ட்ரெபிளை மட்டும் குடித்துவிடும். பேஸ் அதைச் சட்டை செய்யாது, மூலையில் போய்க் குவியும். அந்த ரூமில் ஆம்ப் வைத்தால் மேலே வறட்சி, கீழே கும்மென்ற இரைச்சல். அதனால்தான் மைக்கை ஸ்பீக்கரோடு ஒட்டுகிறீர்கள். காற்றே இல்லாத ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டுக் காற்றைத் திரும்ப ஊதுகிறீர்கள்.

80களில் ஏவிஎம், பிரசாத் போன்ற இடங்களில் இசைக்குழு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது. கிட்டார் சத்தம் பக்கத்து மைக்குகளிலும் கசிந்து விழும். அந்தப் பாட்டுகளில் கிட்டாரைச் சுற்றி ஓர் இடம் இருப்பது தெரிகிறதே, அது அந்தக் கசிவு.

ஃபேடர்44:
கசிவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காரணத்துக்காக ஆம்பை அடக்கித்தான் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வயலின் மைக் முழுக்க கிட்டார்தான் இருக்கும். ரிஃப் தம்பி கேட்கும் முழங்கால் அதிர்வு அந்த முறையிலும் கிடைத்திருக்காது.

நாலு_கம்பி:
பேஸ் கிட்டார் வாசிப்பவள் என்கிற முறையில் இடையில் வருகிறேன்.

கிட்டாரின் லோ ஈ 82 ஹெர்ட்ஸ். என் பேஸின் ஈ 41. கிக் ட்ரம்மின் அடியும் அந்த வட்டாரத்தில்தான். முழங்காலில் உணரும் அதிர்வு உங்களுக்குப் பெருமை, எனக்கு ஆக்கிரமிப்பு! பயிற்சியில் எல்லா கிட்டாரிஸ்டும் தனியாக வாசித்துக்கொண்டேதான் டோனைச் செதுக்குகிறார்கள். தனியாகக் கேட்கும்போது பேஸ் இல்லாத வெற்றிடத்தைத் தங்கள் சத்தத்தாலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். அதே செட்டிங்கோடு பேண்டில் வந்து நின்றால் நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. 100க்குக் கீழே வெட்டியதில் அந்த இன்ஜினியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பாட்டின் ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் வரும் இடம் இருக்கிறதா? அங்கேயும் வெட்டியிருக்கிறாரா? அப்படியென்றால் அது சோம்பேறித்தனம். நானும் ட்ரம்ஸும் நுழையும் இடத்தில் வெட்டினால் போதும். முதல் நாலு பாருக்கு, அதாவது நாலு தாளச் சுற்றுக்கு, கிட்டார் முழுசாக நிற்கலாம்.

ராயபுரம்_ரிஃப்:
இருக்கிறது அக்கா. முதல் எட்டு பார் கிட்டார் தனியாகத்தான். அங்கேயும் அதே வெட்டு.

ஹெட்ஃபோன்_வாசி:
நீங்கள் எல்லோரும் ஆம்ப், மைக், ரூம் என்று ஒரே இடத்தைச் சுற்றுகிறீர்கள். வேளச்சேரியில் அபார்ட்மெண்டில் இருப்பவன் நான். ட்யூப் ஆம்பின் வால்யூமை இரண்டுக்கு மேல் திருப்பினால் மேல்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். மாடலரில் (ஆம்பின் சத்தத்தை டிஜிட்டலாகப் போலி செய்யும் கருவி) வாசிக்கிறேன், ஸ்பீக்கர் கேபினெட்டுக்குப் பதில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற ஃபைலைப் போடுகிறேன். நல்ல ரூமில், நல்ல மைக்கில், நல்ல காது உள்ள ஒருவர் பிடித்த ஸ்பீக்கரின் குணம் அந்த ஃபைலில் இருக்கிறது. சாலிகிராமத்து ஃபோம் ரூமைவிட அது எவ்வளவோ மேல்.

"ரூமில் கேட்பதுதான் நிஜம்" என்ற வாதத்துக்கு ஒரே ஒரு கேள்வி. 1968இல் பீட்டில்ஸ் "ரெவல்யூஷன்" பாட்டின் வேகமான வடிவத்துக்கு அந்தக் கிழிந்த கிட்டார் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? ஆம்பே கிடையாது. கிட்டாரை நேராக மிக்ஸிங் டெஸ்க்கில் செருகி, ப்ரீஆம்பை (சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) அதன் தாங்கு சக்திக்கு மேல் ஓட்டினார்கள். அந்தச் சத்தம் எந்த ரூமிலும் இருந்ததில்லை. ஸ்டுடியோவே உண்டாக்கியது. அது பொய் டோனா?

சைதை_ஸ்ட்ராட்:
பொய் இல்லை. அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இங்கே ரிஃப் கேட்காததைக் கொடுத்திருக்கிறார்கள், வித்தியாசம் அதுதான்.

மாடலர் விஷயத்துக்கு வருகிறேன். டோனை மட்டும் பேசுகிறோம், கையை மறந்துவிட்டோம். ஆம்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று மூன்றாம் கம்பியை 14ஆம் ஃப்ரெட்டில் பெண்ட் செய்து (பக்கவாட்டில் தள்ளி) பிடியுங்கள். ஸ்பீக்கர் தள்ளும் காற்று திரும்ப வந்து கம்பியை ஆட்டும். நோட்டு சாகாது. கொஞ்சம் பொறுத்தால் ஒரு ஆக்டேவ் மேலே தாவி அங்கேயே நிற்கும். உடம்பைச் சற்றுத் திருப்பினால் நிறம் மாறும். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த நோட்டு வாசிக்க மாட்டீர்கள், வாசிக்கத் தேவையே இருக்காது.

இதே ஃப்ரேஸை ஆம்ப் ஒரு ரூமில், நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து வாசியுங்கள். பெண்ட் முடிவதற்குள் நோட்டு இறங்கிவிடும். கை பதறும். அந்த இடைவெளியை மூட இன்னும் நாலு நோட்டு போடுவீர்கள். ஸ்டுடியோ மாற்றுவது டோனை மட்டும் இல்லை, நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பதையே மாற்றிவிடுகிறது. இதை எந்த ஈக்யூவாலும் சரிசெய்ய முடியாது. இந்தத் திரியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஹெட்ஃபோன்_வாசி:
இந்தப் பாயிண்ட் வலுவானது. ஆனால் ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் அது நடக்கும் ப்ரோ. கண்ட்ரோல் ரூமில் பெரிய மானிட்டரைச் சத்தமாக வைத்து முன்னால் நின்றால், மாடலரிலும் கம்பி பாடும். ஹெட்ஃபோன் போட்டு வாசிப்பதுதான் பிரச்சினை, மாடலர் இல்லை.

ஃபேடர்44:
சைதை சொன்னதற்கு நான் எதிர்வாதம் வைக்கப்போவதில்லை. லீட் (தனித்து ஒலிக்கும் பகுதி) வாசிப்பவரை ஆம்ப் இருக்கும் ரூமிலேயே நிற்க வைத்துத்தான் எடுப்பேன். ரிதம் (பின்னணிக் கார்டுகள்) என்றால் இந்தப் பக்கம் உட்காரட்டும், மானிட்டரில் மைக் என்ன கேட்கிறது என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

ஆனால் தம்பி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். இரண்டு மைக், நடுவில் ஓர் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். ஏசி ரூமில் ஒலி நொடிக்கு சுமார் 346 மீட்டர் போகும். ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டரைக் கடக்க 0.87 மில்லிசெகண்ட். ஒரே சத்தம் இரண்டாவது மைக்குக்கு அவ்வளவு தாமதமாகப் போகிறது. இரண்டையும் சம அளவில் கலந்தால் 580 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழும். கிட்டாரின் சதை அங்கேதான். 1,150 பக்கத்தில் இரண்டும் சேர்ந்து மேடு கட்டும், அது மூக்கு. 1,700 தாண்டியதும் மறுபடி பள்ளம். நீங்கள் "மூக்கடைத்தவன்" என்று எழுதியது இதுவாக இருக்கலாம். 100க்குக் கீழே வெட்டியதால் மூக்கு வராது.

தனித்தனி ட்ராக்குகளைக் கேட்டு வாங்குங்கள். பின் மைக்கை ம்யூட் செய்து கேளுங்கள். சதை திரும்பினால் அதுதான் காரணம். பின் ட்ராக்கை 0.87 மில்லிசெகண்ட் முன்னால் இழுத்துப் பாருங்கள், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்) ஃபைல் என்றால் ஏறக்குறைய 42 சாம்பிள். கணக்கைவிடக் காதை நம்பி, ஒவ்வொரு சாம்பிளாக நகர்த்துங்கள். பேஸ் கூடும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள்.

ராயபுரம்_ரிஃப்:
ட்ராக்குகளை வாங்கிவிட்டேன். பின் மைக்கை ம்யூட் செய்ததும் கிட்டார் திரும்ப வந்துவிட்டது அண்ணே. முழங்கால் அதிர்வு இல்லை, ஆனால் சதை இருக்கிறது. இழுத்து வைத்ததில் இரண்டு மைக்கும் சேர்ந்தே நன்றாக இருக்கிறது. முன்னால் இருப்பதன் கடிப்பும் கிடைக்கிறது, பின்னால் இருப்பதன் காற்றும் கிடைக்கிறது.

அப்படியானால் என் கட்சி இன்னும் பலமாகிறது. என் கையிலும் ஆம்பிலும் குறை இல்லை. டோனைக் கொன்றது ஸ்டுடியோதான்.

ஃபேடர்44:
கொன்றது கவனக்குறைவு. அந்த இரண்டு மைக்கை ஒழுங்காக வைத்திருந்தால் ரூமில் கேட்டதைவிட நல்ல சத்தமே கிடைத்திருக்கும், அதுவும் ஸ்டுடியோதான். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

நாலு_கம்பி:
கேட் விஷயத்தை யாரும் பேசவில்லையே?

ஃபேடர்44:
அது சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் கருவி) ஹம், அதாவது கரண்ட் இரைச்சல். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். கம்ப்ரஷன் (பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதை உயர்த்துவது) போட்டால் நோட்டு அடங்கும் இடத்தில் ஹம் எழும்பி நிற்கும், உடனே கேட் போட்டு அறுத்துவிடுவார்கள். எர்த்திங் சரியில்லாத கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் டிம்மர் விளக்குகளை அணைக்க வேண்டும், கம்ப்யூட்டர் மானிட்டரை விட்டுத் தள்ளி உட்கார வேண்டும். அப்புறம் கிட்டாரைப் பிடித்தபடியே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஒரு திசையில் ஹம் பாதியாக இறங்கும். அங்கேயே நாற்காலியைப் போட்டு வாசியுங்கள். மிச்சம் இருக்கும் ஹம் பேண்டுக்குள் மறைந்துவிடும், கேட் வேண்டாம்.

இன்னொன்று. அடுத்த முறை ஆம்புக்குப் போகும் முன்பே டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை நேராக ரெக்கார்டிங்குக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக ஒரு சுத்தமான ட்ராக்கும் எடுத்து வையுங்கள். அதன் இன்புட் 1 மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். நேராக லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப் திணறி ட்ரெபிள் செத்துவிடும். டிஐ கையில் இருந்தால் டோன் பிடிக்காதபோது அதை ஆம்புக்குத் திரும்ப அனுப்பி மறுபடி மைக் வைக்கலாம்.

சைதை_ஸ்ட்ராட்:
டிஐ காப்பீடாக இருக்கட்டும். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மைக்கை அலட்சியமாக வைக்கிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. திரும்ப அனுப்பும்போது ஆம்ப் முன்னால் ஆள் இல்லை, கம்பி இல்லை. நான் சொன்ன அந்தக் காற்று மறுபடி கம்பியைத் தொடப்போவதில்லை.

ரிஃப், அடுத்த முறை போகும்போது மைக் வைத்து முடித்ததும் உடனே டேக் எடுக்க விடாதே. கண்ட்ரோல் ரூமுக்குப் போய், பேஸும் ட்ரம்ஸும் சேர்த்து உன் கிட்டாரைக் கேள். பிடிக்கவில்லையா, மைக்கை நகர்த்தச் சொல். அவர் ஈக்யூவில் கை வைத்தால் தடுத்து, மறுபடியும் நகர்த்தச் சொல். ஒரு மணி நேர வாடகை போனாலும் பரவாயில்லை.

ராயபுரம்_ரிஃப்:
சரி. ஃபேடர் அண்ணே, அடுத்த இரண்டு பாட்டை நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்களா? லீட் முழுக்க ஆம்ப் ரூமிலேயே நின்று வாசிப்பேன். முதல் எட்டு பாரில் 100க்குக் கீழே வெட்டக் கூடாது. கேட் கூடாது.

ஃபேடர்44:
மூன்றும் சம்மதம். ட்ரெபிளை மட்டும் நான் சொல்லும் உயரத்தில் காதை வைத்துக் கேட்ட பிறகு முடிவு செய்ய வேண்டும். எந்தக் கிழமை வசதி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.