ஸ்னோ புளோவர் சில்லு இழுக்குதில்லை: பெல்ட்டா, றப்பரா?

24 இஞ்சி, டூ ஸ்டேஜ் (முன் திருகு அள்ள, உள்விசிறி எறியிற) ஸ்னோ புளோவர். ஓகர் (ஸ்னோ அள்ளுற முன் திருகு) ஒழுங்காச் சுத்துது, ஸ்னோவும் எறியுது. ஆனா ட்ரைவ் லீவரை அமத்தினா சில்லு இழுக்குதில்லை. ரிவேர்ஸிலயும் அதே கதை.

கேபிள் தளர்வை எடுத்தாச்சு. ட்ரைவ் பெல்ட்டில வெடிப்பில்லை, பக்கங்கள் மட்டும் பளபளத்துப் போச்சு. ஐட்லர் (பெல்ட்டை அமத்தி இறுக்கிற கப்பி) ஸ்பிரிங் நல்லா இழுக்குது. பிளக் வயரைக் கழட்டி, பெற்றோலை வடிச்சு, மெஷினை முன்பக்கமாச் சரிச்சு அடித்தகட்டைத் திறந்தா, ஃப்ரிக்ஷன் சில்லின்ர (தட்டில உரசி ஓட்டத்தைச் சில்லுகளுக்குக் கடத்திற சின்னச் சில்லு) றப்பர் இரும்பு விளிம்போட மட்டமாத் தேஞ்சு நிக்குது. அது உரசுற அலுமினியத் தட்டில கறுப்புப் படிவு வேற. கிரீஸ் பட்டிருக்கலாம், பிரேக் கிளீனரால துடைக்க வேணும்.

றப்பர் வளையத்தை மட்டும் மாத்தினாக் காணுமா, முழுச் சில்லையுமா? அந்தச் சில்லு ஏறியிருக்கிற அறுகோண ஷாஃப்ட் ஒரு பேரிங்கில இறுகிக் கிடக்குது. சுத்தியலால அடிச்சாப் பக்கத் தகடு வளைஞ்சிடும். வேற வழி இருக்கா?

ட்ரைவ் பெல்ட் மாத்த மெஷினை ரெண்டாப் பிரிக்க வேணும். அப்ப ஓகர் பெல்ட்டையும் சேர்த்து மாத்துறதுதானே புத்தி? கார் பெல்ட் போடச் சொல்லாதேங்கோ, ஐட்லரே கிளச்சா வேலை செய்யிற இடத்தில அது கெதியா எரிஞ்சு போகும்.

மொடல் நம்பர் ஸ்டிக்கர் அழிஞ்சு போச்சு. தேஞ்ச பெல்ட்டை அளந்தா நீளம் கூடக் காட்டும். சரியான அளவை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.