உலோகத்தில் ஒட்டிய மூலக்கூறுகள்: ஆய்வகத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் எழுதிய பதில்கள் இவை.

தங்கம் லேசில் எதோடும் வினைபுரியாது என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். அதனாலேயே, ஒரு முனையில் கந்தகமும் மறுபக்கம் கார்பன் வாலும் உள்ள தயோல் மூலக்கூறுகளைத் தங்கத்தில் ஒட்டவைக்கும் இந்தச் சோதனை எனக்கு அலுப்பதே இல்லை. புற ஊதா ஒளியாலும் ஓசோனாலும் சுத்தம் செய்த தங்கப் படலத்தில் ஒரு சொட்டு நீர் வைத்தால் அப்படியே பரவிவிடும். கொஞ்ச நேரம் காற்றில் விட்டுவைத்து மறுபடி வையுங்கள், சொட்டு குவிந்து நிற்கத் தொடங்கும். காற்றிலிருக்கும் ஹைட்ரோகார்பன் அதற்குள் வந்து குடியேறியிருக்கும். படலத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இந்த ஹைட்ரோகார்பன்கள் வாண்டர்வால்ஸ் விசை என்ற பலவீனமான ஈர்ப்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை. எத்தனாலில் கரைத்த ஹெக்ஸாடெகேன்தயோல் என்ற தயோலில் படலத்தை முக்கினால், கந்தக முனை இவற்றைத் தள்ளிவிட்டுத் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களிலேயே பரப்பு பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆனால் கார்பன் வால்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள மணிக்கணக்காகும், அதற்குத்தான் இரவு முழுக்க ஊறவிடுவது. காலையில் தொடுகோணம், அதாவது நீர்ச் சொட்டின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம், 110 பாகையை ஒட்டி வந்தால் அடுக்கு நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். வால்கள் நேராக நிற்பதில்லை, ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கும். கந்தக அணுக்கள் 5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்க, வால்களுக்கு அதைவிட நெருங்கினால்தான் பிடிக்கும். சாய்ந்தால் அது நடக்கிறது. 1983-ல் வேதியியலாளர்கள் நுஸ்ஸோவும் அல்லாராவும் டைசல்பைடுகளை (இரு கந்தக அணுக்கள் இணைந்த சேர்மங்களை)த் தங்கத்தில் படியவைத்துத் தொடங்கிவைத்த வேலை இது.

*

தங்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்! நான் மீவெற்றிடத்தில், அதாவது காற்றை ஏறத்தாழ முழுக்க அகற்றிய கலத்தில், பென்சீனோடு மல்லுக்கட்டுகிறவன். குளிரவைத்த தங்கத்தில் படியவிட்டு மெல்லச் சூடேற்றினால், அறை வெப்பநிலை வருவதற்குள் பென்சீன் பென்சீனாகவே கிளம்பிவிடும். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், பென்சீனின் நிறையான 78-ல் அழகான உச்சி.

பிளாட்டினத்தில் கதையே வேறு. வளையம் தட்டையாகப் படுத்து, வளையம் முழுக்கப் பரவிய அதன் பை எலக்ட்ரான்கள் உலோகத்தின் டி-எலக்ட்ரான் மட்டங்களோடு கலந்துவிடும். சூடேற்றினால் ஒரு பங்குதான் முழுசாக வரும். மிச்சம் உடைந்து, நிறை 2-ல் ஹைட்ரஜன் உச்சியாகத் தலைகாட்டும். கார்பன் பரப்பிலேயே தங்கிவிடும். அதை ஆக்சிஜன் விட்டு எரித்து, ஆர்கான் அயனிகளால் அடித்துச் சுத்தம் செய்தால்தான் அடுத்த ஓட்டம். அளப்பதைவிட இந்த வேலைதான் அதிகம்.

*

முதலில் எழுதிய தயோல் நண்பருக்கு ஒரு வார்த்தை. அடுக்கு போட்ட மாதிரிகளை ஓசோன் கருவி இருக்கும் அறையில் திறந்து வைக்காதீர்கள். கந்தகத்தில் ஆக்சிஜன் சேர்ந்து அது சல்ஃபோனேட்டாகிப் பிடிப்பு தளர்ந்துவிடும், கரைப்பானில் ஒரு அலசு அலசினாலே போய்விடும். எங்கள் ஆய்வகத்தில் நைட்ரஜன் நிரப்பிய மூடிய குப்பியில்தான் வைக்கிறோம்.