கைக்குக் கட்டுப்படாத பந்தய விளையாட்டு: உதவி தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் இரண்டு ஆண்டுகளாக நாளெண்ணிக் காத்திருந்து, சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய கார்ப் பந்தய விளையாட்டு, காட்சியழகில் ஒரு குறையும் இல்லாதிருந்தும், கைக்குக் கட்டுப்படாமல் எங்களைப் பெரிதும் ஏமாற்றிவிட்டது.

கொன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை மெல்லச் சாய்த்தால் கார் அசைவதேயில்லை. இன்னும் சிறிது சாய்த்ததும் ஒரேயடியாகத் திரும்பி மதிலில் மோதுகிறது. பிரேக்கை அழுத்தினால், விரலை எடுத்த பிறகுதான் பின்விளக்கு சிவக்கிறது. நேற்றிரவு ஒரே வளைவில் பதினொரு முறை மோதிய பின், தம்பி ஒன்றும் பேசாமல் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதுதான் எனக்கு மிகவும் கவலை.

புளூடூத்தை விட்டு வயரில் இணைத்து, தொலைக்காட்சியைத் தாமதம் குறைக்கும் கேம் மோடுக்கு மாற்றி, படங்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வீ-சிங்கையும் நிறுத்திப் பார்த்ததில் தாமதம் சற்றே குறைந்தது. கணினி செக்கனுக்கு 60 பிரேம்களை (திரைப்படங்களை அல்ல, திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை) எட்டுகிறது. அப்படியானால் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 17 மில்லி செக்கன்தான், ஆகவே கண்ணுக்குத் தெரியும் இந்தத் தாமதத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது. இதே கொன்ட்ரோலர் மற்ற விளையாட்டுகளில் பிழையின்றி இயங்குகிறது.

டெட் சோனை, அதாவது ஸ்டிக்கைச் சாய்த்தும் விளையாட்டு அசையாத அந்தத் தொடக்க அளவை, குறைக்க விளையாட்டுக்குள் வழியில்லை. கணினி விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியின் கொன்ட்ரோலர் அமைப்பில் அதனை ஈடுசெய்த அனுபவம் உள்ளவர்கள், எந்த அளவில் வைத்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் வேறு வகைக் கொன்ட்ரோலர் வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், ஒரு மணி நேரம் ஒப்பிட்டுப் பார்க்க நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.