புதுப்பிப்பு: பின்ன அடுக்குக் கணக்கு தீர்ந்தது

போன வாரம் (அ^(1/3) + ஆ^(1/3)) × (அ^(2/3) − அ^(1/3)ஆ^(1/3) + ஆ^(2/3)) எனக்குச் சுருங்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தேன். தவறு முதல் வரியிலேயே இருந்தது. அ^(1/3) × அ^(2/3) என்ற இடத்தில் அடுக்குகளைப் பெருக்கி 2/9 என்று போட்டுவிட்டேன். அடி (அடுக்கைத் தாங்கும் எண், இங்கே அ) இரண்டிலும் ஒரே எண்ணாக இருந்தால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும்: 1/3 + 2/3 = 1. அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால்தான் பெருக்கல்.

திருத்தியதும் நடு உறுப்புகள் நான்கும் இரண்டிரண்டாக அடிபட்டுப்போய், மிஞ்சியது வெறும் அ + ஆ. அவ்வளவு நீளமான கோவை இப்படி ஒடுங்கியதைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி!

அ = 8, ஆ = 27 என்று போட்டும் பார்த்தேன். கனமூலங்கள் 2, 3. முதல் அடைப்பு 5, இரண்டாவது 4 − 6 + 9 = 7. பெருக்கினால் 35, 8 + 27-ம் அதேதான்.

அ^(1/3)-ஐ ப என்றும் ஆ^(1/3)-ஐ ம என்றும் மாற்றி எழுதச் சொன்னவருக்கு நன்றி. மாற்றினால் அது ப³ + ம³-இன் காரணிகள்தான்.