பிரிந்துபோன அப்பாவை ‘துபாயில் இருக்கிறார்’ என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

அய்யனார் அருவி:
என் தங்கையும் அவள் கணவரும் போன பொங்கலுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். குடி, அடிதடி எதுவும் இல்லை. ஒத்துப்போகவில்லை, பெரியவர்கள் பேசிப் பார்த்தும் நடக்கவில்லை, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடப்போகிறார்கள். மாப்பிள்ளை சென்னையில், தங்கை எங்களோடு ராஜபாளையத்தில். மகளுக்கு ஏழு வயது. இங்கே வந்த புதிதில் எங்கள் அம்மா பிள்ளையிடம் “அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டார், நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. இப்போது பாட்டியின் போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தவள், அவள் அப்பாவும் அத்தையும் தாம்பரத்தில் ஒரு கல்யாண வீட்டில் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டாள். “அத்தையும் துபாய் போயிட்டாங்களா?” என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்றார். அதற்குப் பிறகு பிள்ளை அப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறேன். வீட்டில் எல்லாரும் எனக்கு எதிர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, அவசரப்படாதீர்கள். நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடேயே வேலைக்காலத்தைக் கழித்தவள். ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒன்றைச் சொன்னால் மறுநாள் பெஞ்ச் முழுக்கத் தெரிந்துவிடும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும், வேன்காரருக்கும் ஆயாவுக்கும்கூடத் தெரியும். சென்னை என்றால் பரவாயில்லை, உங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஸ்டாஃப் ரூமிலேயே “பாவம், அந்தப் பிள்ளையோட அப்பா அதோட இல்லையாம்” என்று பேசி, அந்தப் பரிதாபத்தோடே வகுப்பில் அதை நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் அதில் சுருண்டுபோகும். பத்துப் பன்னிரண்டு வயதில் சொல்லுங்கள், தாங்கிக்கொள்ளும். அதுவரை நிம்மதியாக இருக்கட்டும்.

இரண்டு வீட்டுப் பையன்:
டீச்சர் மன்னிக்க வேண்டும், பிள்ளை நிம்மதியாக இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எனக்கும் இதையேதான் சொன்னார்கள், துபாய்க்குப் பதிலாக மஸ்கட். மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்துபோனது, ஆனால் கேட்டால் அம்மா அழுவாள் என்பதும் தெரிந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அப்பா போவதற்கு முந்தின நாள் அவருடைய பைக் கண்ணாடியை நான் பந்தடித்து உடைத்திருந்தேன், அதனால்தான் போய்விட்டார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ‘உன்னால் இல்லைடா’ என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பிரிந்ததையே ஒப்புக்கொள்ளாத வீட்டில் அந்தப் பேச்சு எங்கிருந்து வரும்? சின்னப் பிள்ளைகள் வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் நடந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், குழந்தை உளவியல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அருவி அண்ணா, உங்கள் மருமகள் கேட்காமல் இருக்கிறாள் என்றால் அவளே மனசுக்குள் ஏதோ ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம். அது என்ன காரணம் என்றுதான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
உங்கள் வேதனை புரிகிறது தம்பி. ஆனால் சொல்லியிருந்தால் மட்டும் வலித்திருக்காதா? இன்னொன்று, எல்லாரும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தத் தாய் தயாரா? சொன்ன மறுநிமிடம் பிள்ளை ஆயிரம் கேள்வி கேட்கும், அழுதுகொண்டிருக்கிற ஒருத்தி அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வாள்? அடிதடியே இல்லாத கல்யாணம் என்கிறார் அருவி. அப்படியானால் பிள்ளைக்காகக் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்திருக்கலாமே, ஏன் யாரும் அதைக் கேட்கவில்லை?

அமராவதிக்கரை:
சமூகப்பணி படித்தவள் என்ற முறையில் டீச்சரின் கடைசிக் கேள்விக்கு. அது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பால் அமட்டோ என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தினம் சண்டை நடக்கிற வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு நன்மையாகவே முடிகிறது என்றும், வெளியே சண்டையே தெரியாத வீட்டில் பிரிந்தால்தான் பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் அவருடைய ஆய்வுகள் சொல்கின்றன. பின்னதில் பிள்ளைக்கு எந்த முன்னறிகுறியும் கிடைப்பதில்லை, நேற்றுவரை நன்றாக இருந்த வீடு இன்று இல்லை. ஆனால் இங்கே முடிவு எடுத்தாகிவிட்டது. அருவி சொல்கிற குடும்பம் இந்த இரண்டாவது வகை என்பதால்தான் விளக்கம் கூடுதலாகத் தேவை என்கிறேன் நான். தலையில் இடி விழுந்த பிள்ளையிடம் போய் மழையே இல்லை என்று சொல்லக்கூடாது.

கோர்ட் வராந்தா:
குடும்பநல நீதிமன்றம்தான் என் தொழில். சொல்லலாமா வேண்டாமா என்று இவ்வளவு பேசுகிறீர்களே, பத்து வயதுவரை இந்தப் பொய்யைக் காப்பாற்ற முடியுமா என்று யாராவது யோசித்தீர்களா? பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான பிரிவு இந்து திருமணச் சட்டத்தின் 13பி, அதில் மனுப் போடவே ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அது கட்டாயமில்லை, சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை யாரிடம், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்பதையெல்லாம் வழக்கமாக இரண்டு பேரும் பேசி முடித்து எழுதிக்கொடுப்பார்கள். மாதம் இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் வேலை பார்க்கிறவர் மாதம் இரண்டு ஞாயிறு ராஜபாளையத்துக்கு எப்படி வருவார்?

இதுவே சண்டை வழக்காகிவிட்டால் இன்னும் மோசம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சாதாரணமாகத் தாயிடம் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார், பாதுகாவலர் சட்டம் சொல்கிறது, அந்த வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்திலேயே இருக்கிறது, நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் குடும்பநல நீதிமன்றத்தோடு இருக்கும் குழந்தைகள் மையத்துக்கு வந்து, முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் அப்பாவைப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. உண்மையை முதன்முதலில் தெரிந்துகொள்கிற இடம் அதுவாக இருக்கலாமா, டீச்சர்?

மலைக்கோட்டை:
அந்த ‘துபாய் அப்பா’ நான். என் விஷயத்தில் சிங்கப்பூர். திருச்சியில் என் அறையில் உட்கார்ந்துகொண்டு வீடியோ கால் பேசுவேன், பின்னால் ஜன்னல் தெரியாத மாதிரி சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும். மகன் ஒவ்வொரு தடவையும் “அங்க இப்ப மணி என்னப்பா?” என்று கேட்பான். நான் இரண்டரை மணி நேரம் கூட்டிச் சொல்வேன். அவன் ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன், சரிபார்க்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே பொய் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உண்மை உண்மை என்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன், யாருடைய உண்மை? “உங்கப்பன் நம்மள அத்துவிட்டுட்டுப் போயிட்டான்” என்று என் பையனிடம் ஒரு பெரியம்மா சொன்னாரே, அவரைக் கேட்டால் அதுவும் உண்மைதான் என்பார். அப்படிச் சொல்வதாக இருந்தால் சிங்கப்பூரே மேல்.

இரண்டு வீட்டுப் பையன்:
மலைக்கோட்டை சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்லத் தேவையே இல்லை, யார் மேல் தப்பு என்பது பிள்ளைக்கு வேண்டாத பாரம். இன்னொரு கொடுமையும் உண்டு. நம் சொந்தக்காரர்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் விளையாட்டாகக் கேட்பார்களே, “உனக்கு அம்மாவைப் பிடிக்குமா அப்பாவைப் பிடிக்குமா” என்று, அதைப் பிரிந்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்கும்போது அது விளையாட்டு இல்லை. நான் பதில் சொல்வதற்கு முன் அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்புறம் இந்தத் தூது. “ஃபீஸ் கட்டச் சொல்லு உங்கப்பாவை” என்று அம்மா சொல்லி அனுப்புவார், அப்பா முகம் மாறும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் விஷயத்தைப் பெரியவர்களே போனில் பேசிக்கொள்ளட்டும்.

அய்யனார் அருவி:
சரி, சொல்வதென்றே வைத்துக்கொள்வோம். என்ன வார்த்தையில்? யார் சொல்வது?

அமராவதிக்கரை:
இரண்டு பேரும் சேர்ந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து. நீண்ட பேச்சு வேண்டாம். “அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. இது நாங்க எடுத்த முடிவு, நீ எதுவும் பண்ணினதால இல்ல. அப்பா துபாய்ல இல்ல, சென்னையிலதான் இருக்காங்க, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிட்டோம். ரெண்டு பேருக்கும் நீ எப்பவும் பாப்பாதான்.” இவ்வளவு போதும். அதற்குப் பிறகு பிள்ளை கேட்கப்போவது பெரிய கேள்வி இல்லை. நான் எந்த ஸ்கூலில் படிப்பேன், யார் கூட்டிப்போவார்கள், என் சைக்கிள் அங்கே கிடக்கிறதே, இப்படித்தான் கேட்கும். அதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் தயாராக இருக்கட்டும். “மறுபடி சேருவீங்களா?” என்று பல தடவை கேட்கும், ஒரு தடவைகூட ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். பள்ளி நேரத்தில் வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் விட்டுப்போயிருந்தாலும் மறுபடி வருவது, சாப்பாடு குறைவது என்று கொஞ்ச நாள் இருக்கலாம். திட்டாதீர்கள். வாரக்கணக்கில் நீண்டால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, தங்கையும் தனக்காகப் பேசலாம்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
வராந்தா வக்கீல் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, மாதம் இரண்டு ஞாயிறு வருகிற அப்பாவைத் துபாயில் வைக்க முடியாது. ஆனால் ஊர் வாய் பற்றி நான் கேட்டதற்கு இவ்வளவு பேர் எழுதியும் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. பிள்ளை நாளைக்கு வகுப்பில் என்ன சொல்லும்?

இரண்டு வீட்டுப் பையன்:
அதற்கும் ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம் டீச்சர். “எங்கப்பா சென்னையில வேலை பாக்குறாங்க, லீவுக்கு வருவாங்க.” பொய்யும் இல்லை, எல்லாவற்றையும் கொட்டவும் இல்லை. மேலே கேட்டால் “எங்க வீட்டு விஷயம்” என்று சொல்ல ஏழு வயதுப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று சொல்லிக்கொடுங்கள்.

அய்யனார் அருவி:
மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் ஏறி சனிக்கிழமை காலை வந்துவிடுகிறேன் என்றார். தங்கை முதலில் அழுதாள், பிறகு சரி என்றாள். அம்மாதான் “என்னால அதைப் பாக்க முடியாது, அந்த நேரம் நான் கோயிலுக்குப் போயிடுறேன்” என்கிறார்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
போகவிடாதீர்கள் தம்பி. அப்பா அம்மா சொல்லி முடித்ததும் பிள்ளை ஓடிப்போய்க் கேட்பது பாட்டியிடம்தான், அவர் வாயிலிருந்தும் அதே வார்த்தை வர வேண்டும், இல்லையென்றால் யார் சொன்னதையும் அது நம்பாது. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். பள்ளி விஷயத்தில் நான் மாறவில்லை. வகுப்பு டீச்சர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், அதையும் உங்கள் தங்கையே நேரில் போய்ச் சொல்லட்டும், பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை எழுத வேண்டாம்.